சுண்ணாம்பு, மூங்கில், மண்: ஒரு கட்டடக்கலைப் பணியகத்தின் மாந்தர்

பழைய கட்டடம் ஒன்றின் முன் நிற்கும்போது நம்மிடம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அதைக் கட்டுவித்தவர் யார்? வடிவமைத்தவர் யார்? முதற் கேள்விக்கு வாயிலின் மேலுள்ள கல்வெட்டு விடை தருகிறது. இரண்டாவதற்குச் சில வேளைகளில் வரலாற்று நூல்கள் விடை தருகின்றன. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்போர் மிகச் சிலரே. கல்லை அடுக்கியவர், சுண்ணாம்பை நீற்றியவர், மரத்தை இழைத்தவர், ஓட்டுக்கு மெருகேற்றியவர் யார்? இஸ்லாமிய நாகரிகம் உலகுக்கு அளித்த கட்டடச் செல்வத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பலவும் இந்த மூன்றாம் கேள்வியைத் தொடாமலே கடந்து சென்றுவிடுகின்றன.

தொடக்கம் அவ்வாறு இருக்கவில்லை. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் பச்சைச் செங்கற் சுவர்களும் பேரீச்ச மரத் தூண்களும் பேரீச்ச ஓலைக் கூரையும் கொண்டு எழுந்தது. அப்பணியில் தோழர்களோடு தாமும் சேர்ந்து செங்கல் சுமந்தார்கள் என்பது சீறா நூல்கள் எடுத்துரைக்கும் செய்தி. பிற்காலத்திலும் ஓர் அரிய விதிவிலக்கைக் காண்கிறோம். இஸ்தான்புல் நகரின் சுலைமானியா பள்ளிவாசல் வளாகம் 1550 முதல் 1557 வரையிலான ஆண்டுகளில் மிஃமார் சினானின் தலைமையில் கட்டப்பட்டது. அதன் செலவுக் கணக்கேடுகள் அழியாமல் எஞ்சியுள்ளன. யார் வந்தார், என்ன வேலை செய்தார், என்ன கூலி பெற்றார் என்பதை அவை பதிந்து வைத்திருக்கின்றன. அப்பணியில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாக உழைத்திருந்தனர் என்பதை இன்று நாம் அறிவது அந்த ஏடுகளாலேயே.

மரபைப் பேணுதல், இயற்கையைக் கெடுக்காமல் கட்டுதல் ஆகிய இரண்டையும் குறிக்கோளாகக் கொண்ட கட்டடக்கலைப் பணியகங்கள் உலகெங்கும் பெருகிவரும் காலம் இது. இத்தகைய பணியகம் ஒன்றின் பொருள்களைப் பற்றியும் வடிவங்களைப் பற்றியும் நிறையவே எழுதப்படுகிறது. அதன் மாந்தரைப் பற்றி எழுதப்படுவது குறைவு. பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் என அறியப்படும் யாஸ்மீன் லாரி அவர்களின் பணியை முன்வைத்து, அவ்விடைவெளியை ஓரளவு நிரப்ப இக்கட்டுரையில் முயல்கிறோம். அதற்கு முன்னோடியாக எகிப்து நாட்டு அனுபவம் ஒன்றையும் காண்பது பொருத்தமாகும்.

நூபியக் கொத்தனார்கள்

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி 1900ஆம் ஆண்டு பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்பும் மரமும் கிடைப்பது அரிதானபோது, மண் செங்கல்லாலேயே கூரை அமைக்க அவர் முற்பட்டார். சுவர்கள் நின்றன; வளைகூரைகள் இடிந்து விழுந்தன. ஏட்டுக் கல்வி கைகொடுக்கவில்லை. தென்னெகிப்தின் நூபியப் பகுதியில் மரமே இல்லாமல் கூரை வேய்கிறார்கள் என்று தம் சகோதரர் வழியாகக் கேள்வியுற்று, 1941இல் அஸ்வான் சென்றார். அங்கே எழுத்தறிவில்லாத கொத்தனார்கள் சென்ட்ரிங் பலகை எதுவுமின்றி வளைகூரை எழுப்புவதைக் கண்டார்.

அந்த நுட்பம் எளிமையும் கூர்மையும் கொண்டது. அறையின் ஒரு முனையில் உயரமான சுவர் எழுப்பப்படும். அதன்மீது கொத்தனார் கைக்கணக்கிலேயே ஈர மண்ணால் ஒரு வளைகோட்டை இடுவார். முதல் வரிசைச் செங்கற்கள் அச்சுவரின்மேல் சாய்ந்திருக்குமாறு ஒட்டப்படும். அடுத்தடுத்த வளையங்கள் முந்தியவற்றின்மேல் சாய்ந்துகொள்ளும். வைக்கோல் மிகுதியாகக் கலந்திருப்பதால் அச்செங்கற்கள் எடை குறைந்தவை. ஒவ்வொரு கல்லின் தட்டையான முகத்திலும் ஈரம் காயுமுன் விரல்களால் கோடுகள் இழுக்கப்பட்டிருக்கும். அக்கோடுகள் சேற்றைப் பற்றிக்கொள்வதால் கல் நழுவாது. பல்கலைக்கழகம் தரத் தவறிய விடை அக்கொத்தனார்களின் கைகளில் இருந்தது.

1945இல் லுக்சருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில் புதிய குர்னா என்னும் ஊரை அமைக்கும் பொறுப்பு ஃபத்ஹிக்குக் கிடைத்தது. பழங்காலக் கல்லறைகளின் மீது குடியிருந்த மக்களை அப்புறப்படுத்தி அங்கே குடியமர்த்துவது அரசின் நோக்கம். நூபியக் கொத்தனார்கள் வரவழைக்கப்பட்டனர். பள்ளிவாசலும் சந்தையும் பள்ளிக்கூடமும் எழுந்தன. எனினும் 1948இல் பணி நின்றுபோயிற்று; ஊரில் ஒரு பகுதியே கட்டி முடிந்திருந்தது. குர்னா மக்கள் அங்கே குடிபெயர மறுத்தனர். தங்கள் பிழைப்பு பழைய இடத்தோடு பிணைந்திருந்ததால் அவர்கள் மறுத்தனர். கொத்தனார்களின் அறிவை மதித்த அத்திட்டத்தில், குடியிருக்கப் போகிறவர்களின் விருப்பத்திற்கு அரசு இடம் வைக்கவில்லை.

ஆயினும் அந்தக் கைத்திறம் அங்கே முடிந்துவிடவில்லை. ஃபத்ஹியின் மாணவரான அப்துல் வாஹித் அல்வகீல், அலெக்சாந்திரியாவுக்கு அருகே அகமி என்னும் கடற்கரையூரில் ஹலாவா இல்லத்தை அமைத்தபோது, ஃபத்ஹியோடு பணியாற்றிய நூபியத் தலைமைக் கொத்தனார் அலாவுத்தீன் முஸ்தஃபாவே அதைக் கட்டினார். 1980இல் முதன்முறையாக வழங்கப்பட்ட ஆகா கான் கட்டடக்கலை விருது அந்த இல்லத்திற்கும் கிடைத்தது. விருதுப் பதிவில் கட்டடக் கலைஞரின் பெயரோடு கொத்தனாரின் பெயரும் இடம்பெற்றது. சிறிய செய்திதான். எனினும் இத்துறையில் அது ஒரு நெறியைத் தோற்றுவித்தது எனலாம்.

கராச்சியின் பணியகம்

யாஸ்மீன் லாரி 1941இல் தேரா காஸி கானில் பிறந்தார். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் கட்டடக்கலை பயின்று நாடு திரும்பி, 1964இல் கராச்சியில் லாரி அசோசியேட்ஸ் என்னும் தம் பணியகத்தைத் தொடங்கினார். பெண் ஒருவர் கட்டுமானத் தளத்தில் ஏணி ஏறி மேற்பார்வையிடுவது அக்காலத்தில் புதுமை. 1970களில் லாகூரில் எளிய மக்களுக்காக அங்கூரி பாக் குடியிருப்பை அவர் வடிவமைத்தார். அங்கே வரவிருந்த பெண்களிடம் கலந்து பேசியபோது, கோழிகளை எங்கே வளர்ப்பது என்று அவர்கள் கேட்டனர். திறந்த மாடித்தளங்கள் அக்கேள்விக்கு விடையாக அமைந்தன. செங்கல் தெரியும் சுவர்களும் குறுகிய சந்துகளும் கொண்ட அக்குடியிருப்பு, பழைய லாகூரின் தெருக்களை நினைவூட்டுவது.

பின்னர் வந்த ஆண்டுகளில் அப்பணியகம் பெருநிறுவனங்களின் கட்டடங்களைக் கட்டியது. கராச்சியின் தாஜ்மஹால் ஹோட்டல் 1981இலும், நிதி வணிக மையம் 1989இலும், பாகிஸ்தான் ஸ்டேட் ஆயில் நிறுவனத்தின் தலைமையகம் 1991இலும் நிறைவெய்தின. கான்கிரீட்டும் கண்ணாடியும் எஃகும் கொண்ட மாளிகைகள் அவை. ஒரு கட்டடக் கலைஞர் விரும்பத்தக்க வெற்றி அனைத்தும் அவருக்குக் கிட்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் அத்தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார்.

இதற்கிடையே 1980இலேயே தம் கணவரும் வரலாற்றாசிரியருமான சுஹைல் ஸஹீர் லாரியோடு இணைந்து பாகிஸ்தான் பாரம்பரிய அறக்கட்டளையை நிறுவியிருந்தார். கராச்சியின் பழைய கட்டடங்களைத் தெருத் தெருவாகச் சென்று பதிவு செய்வது அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்று. 1994இல் சிந்து மாகாணத்தின் பண்பாட்டுப் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பின், நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்க இத்தகைய பதிவுகள் துணை நின்றன. ஓய்வுக்குப் பின் லாரியின் முழுக் கவனமும் அறக்கட்டளையின் பக்கம் திரும்பியது.

சுண்ணாம்பு கற்பித்த பாடம்

லாகூர்க் கோட்டை ஷாலிமார் தோட்டத்தோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குவது. 2000 முதல் 2012 வரை அது அபாயத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. யுனெஸ்கோவின் ஆலோசகராக லாரி அக்கோட்டையில், குறிப்பாகக் கண்ணாடிப் பதிப்புகளால் புகழ்பெற்ற ஷீஷ் மஹலின் சீரமைப்பில் ஈடுபட்டார். முகலாயக் கொத்தனார்கள் நம்பிய சுண்ணாம்பின் இயல்பை நெருக்கமாக அறியும் வாய்ப்பு அங்கே அவருக்குக் கிட்டியது.

சுண்ணாம்பின் இயல்பைச் சற்று விளக்குவது பயன்தரும். சுண்ணக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீரூற்ற அது கொதித்து நீறும். அந்த நீற்றைச் சாந்தாக்கிப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. சுடும்போது விட்ட வாயுவில் ஒரு பகுதியைச் சுவர் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. சிமெண்ட் செய்ய ஏறத்தாழ 1,450 பாகை வெப்பம் வேண்டும். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு சிமெண்ட் உற்பத்தியால் விளைவது. மேலும் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிடும். சுவர் சிறிது அசைந்தாலும் எளிதில் பிளவாது.

2005 அக்டோபர் 8ஆம் நாள் வட பாகிஸ்தானையும் காஷ்மீரையும் நிலநடுக்கம் உலுக்கியது. பாகிஸ்தானில் மட்டும் 73,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அறுபதைக் கடந்திருந்த லாரி மன்சேஹ்ரா மாவட்ட மலைப்பகுதிக்குச் சென்றார். உதவி நிறுவனங்கள் இரும்புத் தகடுகளையும் சிமெண்ட் மூட்டைகளையும் கொண்டுவந்துகொண்டிருந்தன. அவரோ இடிபாடுகளைப் பார்த்தார். கல் அங்கேயே கிடந்தது. மரம் அங்கேயே கிடந்தது. இழப்பின் துயரில் ஆழ்ந்திருந்த மக்களின் கைகளும் அங்கேயே இருந்தன. சுண்ணாம்பை மட்டும் சேர்த்து, விழுந்த கல்லாலும் மரத்தாலும் மக்களே தம் வீடுகளைக் கட்டிக்கொள்ளும் முறையை அவரும் மாணவத் தொண்டர்களும் கைத்தொழிலாளர்களும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர். அரண்மனைச் சுவரில் கற்ற பாடம் ஏழையின் குடிலுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே.

வெள்ளமும் மூங்கிலும்

2010ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாகிஸ்தானில் ஏறத்தாழ 2 கோடி மக்களைப் பாதித்தது. மலைநாட்டில் கிடைத்த கல் சிந்துச் சமவெளியில் இல்லை. அங்கே மண் உண்டு, சுண்ணாம்பு உண்டு; மூங்கிலை வரவழைக்க இயலும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும் மூங்கில், காடழிக்காமல் கிடைக்கும் மரத்துக்கு ஈடானது. இம்மூன்றையும் கொண்டு அறக்கட்டளை எண்கோண வடிவிலான ஓரறை வீட்டை உருவாக்கியது. மூங்கில் தட்டிகள் பட்டறையில் முன்கூட்டியே செய்யப்படும். கையால் தூக்கிச் செல்லத்தக்க அத்தட்டிகளை இடத்தில் நிறுத்திப் பிணைத்து, பாய்களைப் பொருத்தி, மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூச்சைப் பூசுவார்கள். மேலே கூம்புக் கூரை அமையும். வெறும் மண் நீரில் கரைந்துபோகும். சுண்ணாம்பு சேர்ந்த களிமண்ணோ அத்தனை விரைவில் கரைவதில்லை. குறுக்குச் சட்டங்களால் பிணைக்கப்பட்ட மூங்கில் சட்டகம் நிலம் அசைந்தாலும் வளைந்து கொடுக்கும்.

இந்த வீட்டின் வடிவத்தைவிட அதைச் செய்யும் முறை நம் கருத்துக்குரியது. இங்கே பணியகம் என்பது வரைபடங்கள் தொங்கும் அறையாக இல்லை. ஒரு கிராமத்தில் சிலர் மூங்கில் தட்டி கட்டப் பழகுகிறார்கள். வேறொரு கிராமத்தில் சிலர் பாய் முடைகிறார்கள். இன்னொன்றில் மண்ணும் சுண்ணாம்பும் கலந்து கல் அறுக்கிறார்கள். ஒருவர் செய்ததை மற்றவர் வாங்குகிறார். அண்டைக் கிராமங்களுக்குள் பணம் சுழல்கிறது. வெறுங்காலுடன் நடக்கும் கைவினைஞர்களின் கட்டடக்கலை என்று லாரி இதற்குப் பெயரிட்டார். கரிப்புகை இல்லாமை, கழிவு இல்லாமை, கொடையாளரை எதிர்பாராமை, வறுமை இல்லாமை ஆகிய நான்கு இன்மைகளை அவர் தம் இலக்குகளாக வகுத்துக்கொண்டார்.

2022ஆம் ஆண்டு வெள்ளம் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். 1,700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண் வீடுகளும் செங்கல் வீடுகளும் பெருமளவில் வீழ்ந்தன. அறக்கட்டளையிடம் பயின்றோர் மூங்கிலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடுகளில் பல அவ்வெள்ளத்தைத் தாங்கி நின்றன. பூச்சு உதிர்ந்த இடங்களில் அவர்களே மீண்டும் பூசிக்கொண்டனர். பொறியாளரின் வரவுக்காக அவர்கள் காத்திருக்க நேரவில்லை.

அடுப்பு கட்டிய பெண்கள்

அறக்கட்டளையின் பணிகளுள் மிகச் சிறியதும், நம் கருத்தில் மிகச் சிறந்ததும் ஓர் அடுப்பு. சிந்துக் கிராமங்களில் பெண்கள் தரையில் கல் கூட்டி விறகெரித்துச் சமைப்பது வழக்கம். புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. தரையில் எரியும் தீ தவழும் குழந்தைகளுக்கு ஆபத்து. மழைநீர் வந்தால் முதலில் அணைவது அந்த அடுப்புதான். வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

இதற்கு மாற்றாக அமைந்த அடுப்பு, மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மேடை ஒன்றின்மேல் நிற்கிறது. புகை வெளியேறக் குழாய் உண்டு. பாத்திரங்களைத் தரையில் பரப்ப வேண்டியதில்லை. பெண் மேடையில் அமர்ந்து சமைக்கிறாள். வெள்ளநீர் சற்றே ஏறினாலும் அடுப்பு தப்பிக்கிறது. பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று வழிகாட்ட, வீட்டுக்காரியே தன் கையால் அடுப்பைக் கட்டிக்கொள்கிறாள். வழிகாட்டியவளுக்கு ஒவ்வோர் அடுப்புக்கும் சிறு கூலி உண்டு. கட்டி முடித்தபின் பூவும் கொடியும் வரைந்து தன் விருப்பம்போல் அழகு செய்வது வீட்டுக்காரியின் உரிமை. 2018இல் இத்திட்டம் உலக வாழ்விட விருதைப் பெற்றபோது, ஏறத்தாழ 40,000 அடுப்புகள் கட்டப்பட்டிருந்தன.

நாற்பதாயிரம் அடுப்புகளையும் ஒரு நிறுவனம் வந்து கட்டிக் கொடுத்திருந்தால், உடைந்த அன்றே அவை கைவிடப்பட்டிருக்கும். கட்டியவளே பழுது பார்க்கவும் அறிந்திருப்பதால்தான் அவை நிலைக்கின்றன. நீடித்து நிலைத்தல் என்று இக்காலத்தார் பெருஞ்சொல்லாக முழங்குவதன் உள்ளடக்கம் இவ்வளவே என்று தோன்றுகிறது.

மக்லியிலிருந்து கராச்சிக்கு

தட்டா நகருக்கு அருகிலுள்ள மக்லி, உலகின் மிகப் பெரிய அடக்கத்தலங்களுள் ஒன்று. சம்மா, அர்கூன், தர்கான், முகலாயர் காலத்து மன்னர்களும் இறைநேசர்களும் அறிஞர்களும் அங்கே துயில்கிறார்கள். செதுக்கிய கல்லும் நீல மெருகோடும் அணிசெய்யும் அந்தத் திடல் 1981இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் சில கல்லறை மாடங்களின் சீரமைப்பில் அறக்கட்டளை ஈடுபட்டது. காஷி எனப்படும் மெருகோட்டுக் கலை அம்மாடங்களின் சிறப்பு.

அத்தகைய செல்வத்தின் நிழலில் வாழ்ந்த அண்டைக் கிராமத்தார் பலர், அங்கு வருவோரிடம் கையேந்திப் பிழைத்துவந்தனர். அவர்களுக்குச் சுட்ட மண் ஓடும் மெருகோடும் செய்யும் பயிற்சி அளிக்கப்பட்டது. கேட்டுப் பழகிய கைகள் செய்து பழகின. மக்லிக்கு அருகே மூங்கிலால் எழுப்பப்பட்ட பண்பாட்டு மையம் ஒன்று இத்தகைய பயிற்சிகளுக்கு இடமாக அமைந்தது.

அவர்கள் சுட்ட ஓடுகள் பின்னர் கராச்சிக்குப் பயணமாயின. அந்நகரின் டென்சோ ஹால் 1886இல் நூலகத்தோடு திறக்கப்பட்ட கட்டடம். அதையொட்டிய தெருவைக் கால்நடையாளருக்குரியதாக மாற்றும் பணியில், தாருக்குப் பதிலாக நீரை உள்வாங்கும் சுடுமண் ஓடுகள் பதிக்கப்பட்டன, மரங்கள் நடப்பட்டன. மழை பெய்தால் நீர் தேங்காமல் நிலத்துள் இறங்குமாறு அத்தெரு அமைந்தது. 2020 ஆகஸ்டில் கராச்சியை மூழ்கடித்த மழையை நினைவில் கொண்டோர் இதன் அருமையை உணர்வர். ஒரு பாரம்பரியக் கட்டடமும், வெப்பமும் வெள்ளமும் சூழ்ந்த ஒரு மாநகரும், கையேந்தி நின்ற ஒரு கிராமமும் ஒரே ஓட்டில் இணைந்தன.

எழும் ஐயங்கள்

இப்பணியைப் போற்றுவதோடு நின்றுவிடுவது ஆய்வுக்கு அழகாகாது. மண்ணும் மூங்கிலும் ஏழைக்கு, கான்கிரீட் செல்வந்தருக்கு என்று ஒரு பிரிவினை இதில் ஒளிந்திருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. மச்சு வீடு என்பது நம் நாடுகளில் மதிப்பின் அடையாளம். மண் வீட்டை விட்டு மேலேறத் துடிப்பவரிடம் மண்ணின் பெருமையைப் பேசுவது எளிதன்று. குர்னா மக்களின் மறுப்பை இங்கே மறந்துவிடலாகாது. லாகூர்க் கோட்டையில் பயன்பட்ட அதே சுண்ணாம்பும், கராச்சியின் நடுத்தெருவில் பதிந்த அதே ஓடும் இக்கேள்விக்கு ஓரளவு விடையாகின்றன. நகரத்து வசதியாளர்களும் இப்பொருள்களால் தமக்கு வீடு கட்டும் நாளில்தான் விடை முழுமையடையும்.

பராமரிப்பு மற்றொரு கடினம். சுண்ணாம்புப் பூச்சைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். மூங்கிலைப் பூச்சி அரிக்காமல் பக்குவம் செய்ய வேண்டும்; நனையாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு சுடுவதிலும் புகை உண்டு. அது விடும் வாயு முழுவதையும் சுவர் திரும்பப் பெறுவதில்லை. இவற்றை அறிந்தே அப்பொருள்களைத் தேர வேண்டும்.

மூன்றாவது ஐயம் பெயரைப் பற்றியது. 2020இல் ஜேன் ட்ரூ பரிசும், 2023இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் அரச தங்கப் பதக்கமும் லாரிக்கு வழங்கப்பட்டன. அவர் அவற்றுக்கு முழுத் தகுதி உடையவர். ஆயினும் ஆயிரக்கணக்கான கைகளின் வேலை உலகுக்கு ஒரு பெயராகவே தெரிகிறது. தலைவர் ஒருவரின் ஆற்றலில் தழைத்த இயக்கங்கள் அவருக்குப் பின் வாடிப்போவதை வரலாற்றில் பலமுறை கண்டிருக்கிறோம். அலாவுத்தீன் முஸ்தஃபாவின் பெயர் விருதுப் பதிவில் இடம்பெற்றதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. மரபு என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவர் பெறுவது; யாரிடம் பெற்றோம் என்று குறித்து வைப்பது அந்தப் பேற்றின் ஒரு பகுதி. அறிவிப்பாளர் வரிசையைப் பேணிப் போற்றிய ஒரு சமுதாயத்திற்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்களின் பள்ளிவாசல்கள்

சிந்து தொலைவிலுள்ள நிலம். சுண்ணாம்போ நமக்குத் தொலைவானதன்று. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் பழம்பள்ளிகளுடைய கற்றூண் மண்டபங்களைக் கண்டோர், அவை தமிழ்நிலத்துச் சிற்பிகளின் கைவண்ணம் என்பதை உடனே அறிவர். சுண்ணாம்பைச் செக்கிலிட்டு அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துப் பக்குவம் செய்த கொத்தனார்கள் தமிழகத்தில் இருந்தனர். அக்கைகள் குறைந்துவருகின்றன.

பழைய பள்ளிவாசல் ஒன்றைப் புதுப்பிக்க நிர்வாகக் குழு முடிவெடுக்கும்போது, சுவரில் ஈரம் தெரிகிறது என்று சிமெண்ட் பூசுவது இயல்பாகிவிட்டது. அதன் விளைவை இங்கே சொல்வது கடமையாகும். சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் பூச்சின் வழியே வெளிவிட்டு உலர்கிறது. சிமெண்ட் அவ்வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே தங்கி மேலும் உயர ஏறும்; உப்புப் பூக்கும்; சில ஆண்டுகளில் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும்போது உள்ளிருக்கும் பழைய சுண்ணாம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். பின்பு, கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துவிடலாம் என்ற தீர்மானம் வருகிறது. நூற்றாண்டுகளைத் தாங்கிய சுவர், அதைக் காக்க எண்ணிச் செய்த பணியாலேயே வலுவிழக்கிறது.

ஆகவே புதுப்பிக்கும் பணியின் முதல் வேலை, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிக் கண்டடைவதாகும். அவர் முதியவராக இருக்கக்கூடும். ஏணி ஏற இயலாதவராகவும் இருக்கக்கூடும். அவரை அமர்த்தி, அவர் சொல்லச் செய்ய இளைஞர் இருவரையேனும் உடன் சேர்த்து, மூவருக்கும் உரிய கூலி கொடுத்தால், ஒரு சுவர் பிழைப்பதோடு அடுத்த சுவருக்கான கைகளும் உருவாகும். கணக்கேட்டில் கூலியோடு அவர்களின் பெயர்களும் ஏறட்டும். பணி முடிந்து வாயிலில் பதிக்கும் கல்லில், கொடையளித்தோர் பெயர்களுக்குக் கீழே அக்கொத்தனாரின் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். அதற்கு ஆகும் செலவு, சில எழுத்துகளைக் கூடுதலாகச் செதுக்கும் கூலி மட்டுமே.